சிறு தொட்டியிற் கடல்மீன் வளர்க்கலாமா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபாலிலுள்ள பனிச்சங்கேணியில் ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் அமைந்துள்ளன. அதற்குத் தெற்கே காயான்கேணியிலும் பாசிக்குடாவிலும் முருகைக்கற் பார்கள் உள. இப்பார்களில் வாழும் நிறமீன்களின் அழகைக் கண்டோர், அவற்றுள் ஒன்றிரண்டை வீட்டிலோ பாடசாலையிலோ சிறு கண்ணாடித் தொட்டியில் இட்டு வளர்க்க விரும்புதல் இயல்பே. கடல் அண்மையில் இருப்பதால் நீருக்கும் குறைவில்லை, மீனுக்கும் குறைவில்லை. ஆகவே இஃது எளிய காரியம் எனக் கருதப்படுகின்றது. ஆயினும் இவ்வாறு இடப்படும் மீன் சில நாட்களுள் உணவை மறுத்து, நீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடி, இறுதியில் இறந்துவிடுகின்றது. நோயினால் இறந்தது என்று எண்ணி, வேறொரு மீனைக் கொணர்ந்து இடுவர், அதுவும் இறக்கும். நீரின் அளவு போதாமையே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். மீனைப் பெறுமுன் தொட்டியைச் சோதித்தறியும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

கடல்மீனும் களப்புமீனும்

களப்பின் நீர் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையினதாக இருப்பதில்லை. வாடைக்காற்றுக் காலத்து மழைநீர் சேரும்போது அதன் உவர்ப்புக் குறையும், வரட்சியில் ஏறும். மணலை, ஓரா முதலியவற்றின் குஞ்சுகளும் சிறு உளுவைகளும் இம்மாற்றத்தைத் தாங்கப் பழகியவை. முருகைக்கற் பாரில் வாழும் மீன்களோ அத்தகையன அல்ல. அங்கு நீரின் உவர்ப்பும் வெப்பமும் மிகச் சிறிதளவே மாறும். பெருங்கடலின் ஓயாத அசைவு கழிவுகளை உடனுக்குடன் அகற்றிவிடும்.

கடல்மீனின் உடலிலுள்ள நீரைச் சூழவுள்ள உப்புநீர் இடையறாது வெளியே இழுக்கின்றது. அவ்விழப்பை ஈடுசெய்ய மீன் கடல்நீரைக் குடித்து, மிகையான உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றுகின்றது. உவர்ப்பு ஏறும்போது இவ்வேலை கடினமாகின்றது. எனவே, கடல்மீன் வளர்ப்போன் முதலிற் பேணவேண்டியது நீரின் மாறாத தன்மையாகும். சிறு தொட்டியிற் கைகூடாதது இதுவே.

தொட்டி கொள்ளும் நீரை அளத்தல்

தொட்டியின் உட்புற நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் அளந்து, மூன்றையும் பெருக்கி, 1,000ஆல் வகுத்தால் நீரின் அளவு இலீற்றரிற் கிடைக்கும். உதாரணமாக, 30 சென்ரிமீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் உடைய தொட்டியில் 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால், அது 12 இலீற்றர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டால் நீர் இன்னும் குறையும். 80 சென்ரிமீற்றர் நீளமும் 35 சென்ரிமீற்றர் அகலமும் உடைய தொட்டியில் நீர் 36 சென்ரிமீற்றர் உயரம் நின்றால், ஏறக்குறைய 100 இலீற்றர் ஆகும். இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

உவர்ப்பு ஏறுதல்

கடல்நீரின் ஓர் இலீற்றரிற் சராசரியாக 35 கிராம் உப்புகள் உள. வங்காள விரிகுடாவிற் பேராறுகள் கலப்பதால் இக்கரையோரத்தில் இது சற்றுக் குறைவாக இருக்கலாம். நீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே நீங்குகின்றது. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகின்றது.

காற்று வீசும் வெப்பமான நாட்களில், திறந்த தொட்டியின் நீர்மட்டம் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் குறைகின்றது எனக் கொள்வோம். நான்கு நாட்களில் 2 சென்ரிமீற்றர் குறையும். சிறிய தொட்டியில் இது பத்தில் ஒரு பங்கு. உவர்ப்பு 35 கிராமிலிருந்து ஏறக்குறைய 39 கிராமாக உயரும். பெரிய தொட்டியில் அதே 2 சென்ரிமீற்றர் பதினெட்டில் ஒரு பங்கே. உவர்ப்பு 37 கிராம் அளவில் நிற்கும். வீட்டார் ஒரு கலியாணத்துக்காக நான்கு நாள் வெளியூர் சென்று திரும்புவதற்குள் சிறு தொட்டியின் நிலை இவ்வாறாகும்.

குறைந்த நீருக்குப் பதிலாக மீண்டும் கடல்நீரையே ஊற்றுதல் பெரும் பிழை. மேற்கூறிய 12 இலீற்றர்த் தொட்டியில், குறைந்த 1.2 இலீற்றருக்குக் கடல்நீரையே ஊற்றினால், ஒவ்வொரு முறையும் 42 கிராம் உப்பு கூடும். இவ்வாறு ஐந்து முறை ஊற்றிய பின் உவர்ப்பு இலீற்றருக்கு 52 கிராமுக்கு மேலாகும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்றல் வேண்டும். சுத்தமான மழைநீர் இதற்கு ஏற்றது. கரையோரக் கிணற்றுநீர் உப்பாக இருக்கக்கூடும். குளோரின் இட்ட குழாய்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்த பின்னரே பயன்படுத்தல் வேண்டும். செப்பு, பித்தளைப் பாத்திரங்களை எக்காரணத்துக்காகவும் பயன்படுத்தலாகாது. நீரிற் கலக்கும் செம்பு, இறால், நண்டு முதலியவற்றுக்கு நஞ்சாகும்.

கழிவும் அமோனியாவும்

மீனின் கழிவிலிருந்தும், உண்ணாது எஞ்சிய உணவு அழுகுவதிலிருந்தும் அமோனியா உண்டாகின்றது. நீர் காரத்தன்மை அடையுந்தோறும் அமோனியாவின் நஞ்சு மிகும். நடுநிலையான நன்னீரின் பீ.எச். அளவு 7; கடல்நீரினது 8.2 அளவில் உளது. 28 பாகை சதம வெப்பத்தில், ஒரே அளவு அமோனியா கடல்நீரில், நடுநிலையான நன்னீரிற் காட்டிலும் பத்து மடங்குக்கு மேல் நச்சுடையதாகும். நன்னீர் மீனைச் சிறு பாத்திரத்தில் வெற்றியாக வளர்த்த ஒருவர் கடல்மீனில் தோல்வி காண்பதற்கு இஃதொரு காரணம்.

மணலிலும் கல்லிலும் படியும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. வேறொரு வகை அதனைக் கேடு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றது. இவை போதிய அளவு பெருகுவதற்கு ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் செல்லும். புதுத் தொட்டியில் முதல் நாளே மீனை இடுவது, நஞ்சை நீக்குவார் இல்லாத இடத்தில் அதனை விடுவதாகும். நீர் குறைந்த தொட்டியில் ஒரு சிட்டிகை உணவு மிகுந்தாலும் அமோனியா விரைவில் ஏறிவிடும்.

வெப்பமும் ஒட்சிசனும்

கொதிநீர்க் குவளை விரைவில் ஆறுவதும் அண்டாவின் நீர் தாமதித்து ஆறுவதும் யாவரும் அறிந்ததே. வெப்பம் ஏறுவதற்கும் இவ்விதியே பொருந்தும். யன்னலோரத்தில் வைத்த சிறு தொட்டி நண்பகலில் விரைவாகச் சூடேறி இரவிற் குளிரும். 28 பாகையில், காற்றிலிருந்து கடல்நீர் கொள்ளக்கூடிய ஒட்சிசன் இலீற்றருக்கு ஏறக்குறைய 6 மில்லிகிராம் மட்டுமே. வெப்பம் ஏறினால் இதுவும் குறையும். மின்சாரம் தடைப்பட்டுக் காற்றூட்டும் இயந்திரம் நின்றால், 12 இலீற்றர் நீரில் உள்ள ஒட்சிசன் கையிருப்பு 100 இலீற்றரில் உள்ளதில் எட்டில் ஒரு பங்களவே. வளர்ப்போன் விழித்தெழுமுன் மீன் இறக்கக்கூடும்.

சிறு தொட்டியில் வெற்றி கண்டோர்

சிறு தொட்டியிற் கடலுயிர்களை வளர்க்கவே இயலாது என்று கூறுவதற்கில்லை. ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், உயிரிகள் படிந்த கடற்கற்களையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு கடற்றொட்டிகளைப் பேணிய முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். நீரைத் தூய்மைப்படுத்தியவை அக்கற்களிற் குடியிருந்த உயிரிகளே. இக்காலத்தில் இம்முறையைப் பின்பற்றிச் சிறு தொட்டி பேணுவோர், உவர்ப்பை அளக்கும் கருவியும் நீர்ச் சோதனைப் பொருட்களும் வைத்திருந்து, நாள்தோறும் நன்னீர் சேர்த்து, வாரந்தோறும் நீரின் ஒரு பகுதியை மாற்றி வருகின்றனர். தொட்டி சிறிதாகுந்தோறும் உழைப்பும் கவனமும் பெருகும், குறையா. தொடக்கநிலையாளருக்குச் சிறு தொட்டி மலிவானது எனத் தோன்றினும், அதுவே மிகக் கடினமானது.

மீனின்றிச் செய்யும் சோதனை

தொட்டி ஏற்றதா என்பதை ஐயமின்றி அறிய, மீனை இடாது பின்வருமாறு சோதித்தல் நன்று.

படகுத் துறைகளுக்கும் களப்பின் வாயிலுக்கும் அப்பால், திறந்த கடற்கரையில் நீர் எடுத்துத் துணியால் வடித்தல் வேண்டும். மழைக்காலத்திற் களப்பு வாயிலருகே எடுக்கும் நீர் உவர்ப்புக் குறைந்தும் கலங்கியும் இருக்கும். தொட்டியை வைக்க எண்ணிய இடத்திலேயே வைத்து, நீரை நிரப்பி, மட்டத்தை வெளிப்புறத்தில் கோடிட்டுக் குறித்தல் வேண்டும். ஒரு வாரத்துக்கு நாள்தோறும் குறைந்த நீரின் உயரத்தையும், காலை 6 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் நீரின் வெப்பத்தையும் எழுதிவருதல் வேண்டும். நாளொன்றில் நீரின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலும், காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே வெப்பம் 2 பாகைக்கு மேல் மாறினாலும், அத்தொட்டி அவ்விடத்தில் மீனுக்கு ஏற்றதன்று. மூடியிட்டு, நிழலான இடத்துக்கு மாற்றி மீண்டும் சோதிக்கலாம்.

இதில் தேறிய தொட்டியில் மணலும் கல்லும் இட்டு, காற்றூட்டி, ஒரு சிறு துண்டு இறாற்சதையைப் போட்டுவைத்து, அமோனியாவையும் நைத்திரைற்றையும் வாரந்தோறும் சோதித்தல் வேண்டும். இரண்டும் ஏறிப் பின்னர் முற்றாக நீங்கிய பின்னரே உயிரிகளை இடலாம். இந்த ஆறு வாரப் பொறுமை இயலாதவருக்குக் கடல்மீன் வளர்ப்பு ஏற்றதன்று.

எத்தொட்டிக்கு எவ்வுயிர்?

20 இலீற்றருக்குக் குறைந்த தொட்டியிற் கடல்மீன் எதனையும் இடலாகாது. 20 முதல் 40 இலீற்றர் வரையுள்ள தொட்டியில், சங்கோடுகளிற் குடியிருக்கும் துறவி நண்டு ஒன்றிரண்டையோ சிறு இறால்களையோ வளர்க்கலாம். பாடசாலை மாணவர் கற்பதற்கு இவை மீனிற் குறைந்தனவல்ல. பழக்கமுடையோர் 40 இலீற்றருக்கு மேற்பட்ட தொட்டியில், 5 சென்ரிமீற்றருக்கு மேல் வளராத உளுவை ஒன்றை வைத்திருக்கலாம். கோமாளி மீன் இணை ஒன்றுக்கு 75 இலீற்றராவது தேவை. 100 இலீற்றர் இருப்பின் நன்று.

மீன் இன்று எவ்வளவு சிறியது என்று பாராது, வளர்ந்தபின் எவ்வளவாகும் என்றே பார்த்தல் வேண்டும். களப்பில் விரலளவினதாகப் பிடிபடும் மணலைக் குஞ்சு 30 சென்ரிமீற்றருக்கு மேலும் வளரும். நீலநிறச் சத்திரவைத்திய மீன் 20 சென்ரிமீற்றரைக் கடக்கும். அது நாள் முழுவதும் நீந்தித் திரிவது. வண்ணத்துப்பூச்சி மீன்களுட் பல முருகை உயிரிகளையே உண்பவை. எத்துணைப் பெரிய தொட்டியில் இட்டாலும் அவை பட்டினியாற் சாகும்.

பாரைக் காத்தல்

1998இல் கடல்நீர் வழமைக்கு மேலாக வெப்பமடைந்தபோது, பாசிக்குடா உட்பட இலங்கையின் பல பார்களில் முருகை உயிரிகள் வெளிறி மடிந்தன. காயான்கேணிக் கடற்பகுதி 2019இற் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. முருகைக் கற்கள் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாற் காக்கப்பட்டவை. தொட்டிக்கென அவற்றைப் பெயர்த்தெடுத்தல் குற்றமாகும். உயிருள்ள நிறமீன்களைப் பிடித்து ஏற்றுமதிக்கு வழங்கிச் சீவிக்கும் சுழியோடிகளும் இக்கரையில் உளர். வீட்டுத் தொட்டியில் வீணாக இறக்கும் மீன் அவர்களுக்கும் பயன்படுவதில்லை, பாருக்கும் மீள்வதில்லை. எவ்வினத்தைப் பிடிக்கலாம் என்பதை மீன்பிடிப் பரிசோதகரிடம் கேட்டறிந்துகொள்ளல் வேண்டும். கோமாளி மீன் விரும்புவோர், பொரிப்பகங்களிற் பிறந்த குஞ்சுகளை வாங்குதல் சாலச் சிறந்தது. அவை தொட்டி நீருக்கும் இட்ட உணவுக்கும் பழகியவை.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. மீனைப் பெறுமுன் தொட்டி கொள்ளும் நீரை இலீற்றரில் அளந்தறிக.
2. ஆவியாகிக் குறைந்த நீருக்கு நன்னீரையே ஊற்றுக, கடல்நீரை ஊற்றற்க.
3. மீனின்றி ஒரு வாரம் நீர்மட்டத்தையும் வெப்பத்தையும் சோதிக்க.
4. அமோனியாவும் நைத்திரைற்றும் நீங்கும்வரை மீனை இடற்க.
5. நான்கு நாள் வீட்டில் எவரும் இல்லாதபோது தொட்டியைக் கவனிப்பார் உளரா என எண்ணிப் பார்க்க.
6. இவற்றுள் ஒன்றேனும் கைகூடாதாயின், மீனைக் கடலிலேயே விட்டு, நீர் தெளிந்த நாளிற் பாருக்குச் சென்று கண்டு மகிழ்க.