வீட்டு வண்டிக்கு ஏற்ற ஏணி

மனிதனுக்கு வீட்டில் இருக்கவும் ஆசை. ஊர் சுற்றவும் ஆசை. இவ்விரண்டு ஆசைகளையும் ஒருங்கே நிறைவேற்றிக்கொள்ளும் உபாயத்தை அமெரிக்க ஐக்கிய நாட்டினர் கண்டு நூறாண்டுகளுக்கு மேலாகின்றன. படுக்கையாக மாறும் ஆசனமும், முகங்கழுவும் தொட்டியும் அமைந்த மோட்டார் வண்டி யொன்றைப் பியர்ஸ்-ஆரோ கம்பெனியார் 1910-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கண்காட்சியிற் கொண்டுவந்து நிறுத்தினர். இன்றோ, அடுப்பும் கட்டிலும் கழிப்பறையும் குளிர்சாதனமும் கொண்ட இவ்வகை வண்டிகள் அந்நாட்டில் இலட்சக்கணக்கில் ஓடுகின்றன. இந்தியானா மாகாணத்திலுள்ள எல்க்கார்ட் என்னும் ஊரும் அதன் சுற்றுப்புறமும் இவற்றைச் செய்தலையே பெருந்தொழிலாகக் கொண்டுள்ளன. குளிர்காலம் வந்துவிட்டால், அரிஸோனா மாகாணத்துக் குவார்ட்ஸைட் என்னும் பாலைநிலச் சிற்றூரில் இவை கூட்டங்கூட்டமாய் வந்து தங்கும் காட்சி நம் நாட்டுத் திருவிழாக்களை நினைப்பூட்டத் தக்கது. அந்நாட்டினர் இதனை 'ஆர். வி.' என்று சுருக்கி அழைப்பர். நாம் வீட்டு வண்டி என்போம்.

இத்தகைய வண்டியில் எடுத்துச் செல்லும் பொருள்களுள் ஏணியைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். ஏணியில் ஆராய என்ன இருக்கிறது என்று நம் மாணவர் நகைத்தல் கூடும். அயல்நாட்டில் வதியும் பழைய மாணவர் அவ்வாறு நகையார் என நம்புகிறோம். வீட்டு வண்டி வைத்திருப்போருட் பலர் உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்ற முதியோர். பன்னிரண்டடி உயரத்தினின்று விழும் முதியவருக்கு இடுப்பெலும்பு முறிதல் எளிது. தலையிற் படும் அடியோ உயிரையே கொண்டு போகவல்லது. அதுவும் வைத்தியசாலையினின்று நெடுந்தூரத்திலுள்ள வனத்திலோ பாலையிலோ நேர்ந்தால், கூட இருப்பவர் என் செய்வார்?

ஆயின், கூரைமேல் ஏறாமலே இருந்துவிடலாகாதோ எனின், வண்டிக்குக் கூரையே உயிர்நிலை. அக்கூரை பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்னும் ரப்பர்த் தகட்டாலாவது, டி.பி.ஓ. என்னும் செயற்கைத் தகட்டாலாவது, கண்ணாடியிழையாலாவது மூடப்பெற்றிருக்கும். காற்றுப் போக்கிகள், குளிர்சாதனப் பெட்டி, சூரிய ஒளியால் மின்சாரம் தரும் தகடுகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கூரையைத் துளைத்திருப்பர். அத்துளைகளைச் சுற்றிப் பூசிய பசை வெயிலில் வெடித்தால், மழைநீர் சிறுகச் சிறுக உள்ளிறங்கிச் சுவரின் மரச்சட்டங்களை உளுக்கச் செய்யும். வெளியே ஒன்றும் தோன்றாது. தோன்றும்போது செலவு ஆயிரக்கணக்கான டாலர் ஆகிவிட்டிருக்கும். ஆதலின் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையேனும் மேலே ஏறிப் பார்த்தல் அவசியம். அன்றியும், வண்டியை நிறுத்தியபின் பக்கவாட்டில் வெளியே தள்ளி விரிக்கும் அறைகள் சில வண்டிகளில் உண்டு. அவ்வறைகளின் தலைமேல் உதிர்ந்த சருகுகளையும் குச்சிகளையும் பெருக்காமல் உள்ளே இழுத்தால், நீர்காக்கும் ரப்பர் விளிம்புகள் கிழியும்.

பல வண்டிகளின் பின்புறத்தில் ஓர் ஏணியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விடுகின்றனர். அது இருக்க வேறொன்று எதற்கு என்பாரும் உளர். அவ்வேணி மெல்லிய அலுமினியக் குழாயால் ஆனது; சுவரில் திருகாணிகளால் தைக்கப்பட்டது. ஓடும் வண்டியின் அதிர்ச்சியால் அத்திருகாணிகள் நாளடைவிற் தளரும். தளர்ந்த இடத்தில் நீர் புகும். அது செங்குத்தாக நிற்பதால் ஏறுவோன் உடல் பின்னோக்கிச் சாய, கைகளே முழுப்பாரத்தையும் இழுத்துப் பிடிக்க நேரிடும். சிலர் அதிற் சைக்கிள்களையும் நாற்காலிகளையும் கட்டித் தொங்கவிட்டு மேலும் தளரச் செய்வர். மேலும், அது ஓரிடத்திலேயே நிற்பது; பக்கத்து அறையின் தலையைப் பெருக்கவோ முன்புறக் கண்ணாடியைத் துடைக்கவோ அது உதவாது.

இனி, கொண்டு செல்லும் ஏணி எவ்வளவு நீளம் இருத்தல் வேண்டும்? வாங்குவோர் பெரிதும் இடறுவது இங்கேதான். ஆதலின் சற்று விரித்துரைப்போம். சுவரிற் சாத்தும் ஏணிக்கு நான்குக்கு ஒன்று என்பது பிரமாணம். அதாவது ஏணி சாயும் இடம் தரையினின்று நான்கடி உயர்ந்தால், அதன் அடி சுவரினின்று ஓரடி விலகி நிற்க வேண்டும். அப்போது ஏணி தரையோடு ஏறக்குறைய 75 பாகைக் கோணம் செய்யும். இதனினும் நிமிர்ந்தால் ஏறுவோன் பின்னே மல்லாந்து விழுவான்; இதனினும் சாய்ந்தால் ஏணியின் அடி வழுக்கி ஓடும். இரண்டாவது பிரமாணம், கூரையில் இறங்குவதற்கு வைக்கும் ஏணி கூரை விளிம்புக்கு மேல் மூன்றடி நீண்டிருக்க வேண்டும் என்பது. அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு இலாகாவார் தொழிலாளர்க்கென விதித்த இம்முறை ஏனையோர்க்கும் பொருந்துவதே. ஏனெனில், ஏணியைவிட்டுக் கூரைக்கும் கூரையைவிட்டு ஏணிக்கும் மாறும் அக்கணமே மிகவும் அபாயமானது. அப்போது பற்றிக்கொள்ளக் கைக்கு ஏதேனும் வேண்டும்.

இப்போது கணக்கிடுவோம். வீட்டு வண்டிகளுட் சிறியவை ஒன்பது பத்தடி உயரமும், பெரியவை பன்னிரண்டு பதின்மூன்றடி உயரமும் இருக்கும். பதினோரடி உயரமுள்ள கூரையை எடுத்துக்கொண்டால், மேலே மூன்றடியும் சேர்த்துப் பதினான்கடி உயரம் வேண்டும். சாய்வைக் கணக்கிட ஏணியின் நீளம் பதினாலரை அடி ஆகிறது. ஏணியின் அடியோ வண்டியினின்று இரண்டே முக்காலடி தள்ளி நிற்கும். கடைகளில் மிகுதியாய் விற்பனையாகும் பன்னிரண்டரை அடி ஏணியைச் சரியான கோணத்தில் வைத்தால் அதன் தலை பன்னிரண்டடிக்கு எட்டும். ஆகவே அது ஒன்பதடி வண்டிக்கே முறையாகப் பொருந்தும். பதினோரடி வண்டிக்கு அதனை வாங்கியவர், விளிம்புக்கு மேல் ஓரடியே எஞ்சுவது கண்டு, குனிந்து தவழ்ந்து இறங்க முயல்வர். பன்னிரண்டடிக் கூரைக்குப் பதினைந்தரை அடி வேண்டும். ஆதலின் கடைக்குப் போகுமுன் நாடாவைக் கொண்டு தம் வண்டியை அளந்துகொள்வதே முதல் வேலை. விற்பனைச் சீட்டில் 'எட்டும் உயரம்' என்று அச்சிட்டிருப்பது ஏணியின் நீளமன்று. அதன்மேல் நிற்பவனுடைய கை எட்டும் அளவையும் கூட்டிச் சொன்னதாகும்.

மூவகை ஏணிகள் இதற்குப் போட்டியிடுகின்றன. முதலாவது, கால்களை விரித்து நிறுத்தும் மடக்கு ஏணி. ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரத்தவராகிய ஜான் பால்ஸ்லி என்பார் 1862-இல் இதற்கு அமெரிக்க உரிமைப் பத்திரம் பெற்றார். கண்ணாடி துடைக்கவும் பந்தற்கம்பியைச் சீர்செய்யவும் இது நன்று. கூரைக்கு ஏறி இறங்க இது தகாது. பக்கவாட்டிற் காலெடுத்து வைக்கும்போது இது எதிர்ப்புறம் உதைத்துக்கொண்டு சாயும். சாதாரண மடக்கு ஏணியை மடித்தபடியே சுவரிற் சாத்துதலும் தவறு.

இரண்டாவது கீல் ஏணி. யூட்டா மாகாணத்து லிட்டில் ஜயண்ட் கம்பெனியாரால் இது பெரிதும் பிரசித்தி பெற்றது. நடுவே பூட்டுக்கீல்கள் உள்ளன. விரித்தால் மடக்கு ஏணி, நிமிர்த்தினால் சாய்வேணி. இவ்வகையில் 17 என்னும் எண்ணிட்டு விற்பது 15 அடியே நீளும். மடித்தால் ஏறக்குறைய நாலரை அடி. எண்ணைக் கண்டு ஏமாறலாகாது. இது உறுதியிற் சிறந்தது. ஆயின் முப்பது இராத்தலுக்குக் குறையாத எடையும், பருத்த உருவமும் இதற்குக் குறை. வண்டியின் அடிப்புறத்துச் சாமான் அறை அகலமாய் உள்ளவர்க்கு நாம் இதனையே சிபாரிசு செய்வோம்.

மூன்றாவது, தொலைநோக்கிக் குழாய்போல் ஒன்றனுள் ஒன்று நுழையும் குழல் ஏணி. பன்னிரண்டரை அடி ஏணி இரண்டரை அடிக்குச் சற்று மேற்பட்ட சிறு கட்டாகச் சுருங்குவது பார்ப்பதற்கு மாயவித்தை போலிருக்கும். சிறு வண்டிக்கு இதுவே தோழன். ஆனால் இதன் பலமனைத்தும் ஒவ்வொரு படியின் இருபுறத்தும் உள்ள சிறு முளைகளில் அடங்கியுள்ளது. முளை துளையிற் சரியாக விழாத படி, மிதித்தவுடன் உள்ளிறங்கும். ஒரு படி இறங்கினால் அவ்வதிர்ச்சியில் ஏறியவன் பிடி நழுவும். ஆதலின் இழுக்கும்போது 'டக்' என்னும் ஒலி இருபுறமும் கேட்டதா என்பதையும், பூட்டியதைக் காட்டும் குறி மாறியதா என்பதையும் படிதோறும் பார்த்தல் வேண்டும். மூடும்போது விரல்களைப் படிகளுக்கு இடையே வைத்தால் நசுங்கும். மெல்ல இறங்குமாறு செய்யப்பட்டவை இப்போது கிடைக்கின்றன, அவற்றுக்குச் சிறிது அதிக விலை கொடுத்தல் தகும். ஐரோப்பிய நியமம் 2018 முதல் மூன்று மீட்டரும் அதற்கு மேலும் நீண்ட சாய்வேணிகளுக்கு அகன்ற அடித்தளம் வேண்டுமென்று வற்புறுத்துகிறது. அத்தகைய குறுக்கு அடிச்சட்டம் உள்ளதையே தேர்வது நலம். பெயரும் நியமச் சீட்டும் இல்லாத மலிவான குழல் ஏணியை இனாமாகக் கொடுத்தாலும் நாம் ஏறோம்.

பாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் ஏணிகளை 200, 225, 250, 300, 375 இராத்தல் தாங்குவன என ஐந்து தரமாக வகுத்துச் சீட்டு ஒட்டுகின்றனர். இக்கணக்கில் ஏறுபவனது உடல் மாத்திரமன்று. உடை, பாதரட்சை, கையிலுள்ள கருவி, பசைக்குப்பி யாவும் அடங்கும். 200 இராத்தல் எடையுள்ள ஒருவர் 225 இராத்தல் ஏணியை வாங்கினால் மிஞ்சுவது சொற்பம். 300 இராத்தல் தரமே யாவர்க்கும் ஏற்றதென்பது நம் கருத்து.

அலுமினியமோ கண்ணாடியிழையோ என்பது அடுத்த வினா. அலுமினியம் இலேசானது, துருப்பிடியாதது. ஆனால் மின்சாரத்தைக் கடத்துவது. வண்டிகள் தங்கும் திடல்களில் ஒவ்வோரிடத்தும் மின்கம்பம் நட்டு, 30 அல்லது 50 ஆம்பியர் இணைப்புக் கொடுக்கின்றனர். தரையிணைப்புப் பழுதுபட்டால் வண்டியின் உடல் முழுவதிலும் மின்சாரம் ஏறி நிற்பதுண்டு. ஈரத்தரையில் நிற்பவன் தொட்டவுடன் தாக்கும். தலைக்குமேற் செல்லும் கம்பிகளோ இன்னும் கொடியவை. அவற்றினின்று பத்தடிக்குக் குறையாத தூரம் வேண்டும். கண்ணாடியிழை இவ்வகையிற் சிறந்ததாயினும் கனமானது. குழல் ஏணிகள் பெரும்பாலும் அலுமினியத்தாலேயே செய்யப்படுகின்றன. ஆதலின் அலுமினிய ஏணி வைத்திருப்போர் ஏறுமுன் மின்கம்பத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அண்ணாந்தும் ஒருமுறை பார்த்துக்கொள்வாராக.

நம் ஊரில் வெள்ளையடிப்போர் மூங்கிலேணியைச் சுவரிற் சாத்தி எவ்வளவோ உயரம் ஏறுகின்றனர். அங்கே சுவர் அசையாது. வீட்டு வண்டியோ வில்களின்மேலும் காற்றடைத்த சக்கரங்களின்மேலும் நிற்பது. உள்ளே ஒரு குழந்தை ஓடினாலும் அது ஆடும், ஏணியின் தலையும் உடன் நகரும். ஆகவே சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, ஜாக்கிகளை இறக்கி, உள்ளிருப்போரிடம் அறிவித்துவிட்டே ஏற வேண்டும். வண்டியின் சாவி ஏறுபவனுடைய சட்டைப்பையில் இருத்தல் உத்தமம். விளிம்பு வளைந்திருந்தால் ஏணி பக்கவாட்டில் நழுவும். தலைப்பகுதியில் ரப்பர் உறை இட்டு, கூரையிலுள்ள உறுதியான கம்பி யொன்றோடு வாரால் கட்டுக. சுருட்டிய துணிப்பந்தலின் மேலும் சன்னலின் மேலும் சாத்தலாகாது. ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்தல் நன்றி கொன்றார்க்கு நாம் சொல்லும் உவமை. பாலைநிலத்தில் அவ்வேலையைக் காற்றே செய்துவிடும். தனியே பயணம் செய்பவர் கூரைமேல் நின்றுகொண்டு, தரையிற் கிடக்கும் ஏணியைப் பார்த்துக் கொண்டிருக்க நேரும். அவர் கைப்பேசியையும் உடன் கொண்டேறுக.

குழல் ஏணிக்கு மணல் பெரும்பகை. பாலையில் பயன்படுத்தியபின் ஒவ்வொரு குழலையும் உலர்ந்த துணியால் துடைத்தே மூடவேண்டும். எண்ணெயிட்டால் புழுதி ஒட்டிக்கொள்ளும். ஒரு குழல் நெளிந்துவிட்டால் அதைத் தட்டி நிமிர்த்த முயலாது ஏணியையே கழித்துவிடுக. வண்டி ஓடுங்கால் ஏணியைச் சமையற் பகுதியின் ஓரத்தில் நிறுத்தி வைப்போர் உளர். திடீரென்று பிரேக்குப் போட்டால் அவ்விருபத்தைந்து இராத்தல் பொருள் முன்னே பாய்ந்து ஓட்டுபவரின் முதுகைத் தாக்கும். சாமான் அறையில், கனமான பெட்டிகளுக்கு இடையே படுக்க வைத்து, இருமுனையும் வாரிட்டுக் கட்டுவதே முறை. அவ்வறையின் கதவளவையும் வண்டியின் உயரத்தை அளக்கும்போதே குறித்துக்கொண்டால், வாங்கிய ஏணியை உள்ளே நுழைக்க மாட்டாமல் மீண்டும் கடைக்கு எடுத்துச் செல்லும் வேலை இராது.