ஆன்லைன் தேர்வில் 'காப்பி' என்று முடிவு செய்வது யார்... கேமராவா, கல்லூரியா? விதிமுறையில் என்னென்ன இருக்க வேண்டும்?

கொரோனா காலத்தில், 2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் தேர்வுகள் ஆன்லைனில் நடந்தன. மாணவர்கள் வீட்டிலிருந்தே எழுதினர். வெப் கேமரா வழியாக மென்பொருள் கண்காணித்தது. ரிசல்ட் வந்ததும் பலருக்கு அதிர்ச்சி. முறைகேடு சந்தேகத்தில் ஏராளமானோரின் முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. காரணமே புரியவில்லை என்று மாணவர்கள் புகார் கூறினர். கடைசியில், மறுதேர்வு நடத்தப்படும் என்று 2021 மே மாதம் அறிவிப்பு வந்தது.

கொரோனா போய்விட்டது. ஆனால் இந்தத் தேர்வு முறை போகவில்லை. வெளிநாட்டில் படிக்க எழுதும் டோஃபல், ஜிஆர்இ தேர்வுகளை இன்றும் வீட்டிலிருந்தே எழுதலாம். ஆன்லைன் பட்டப்படிப்பு, சர்டிஃபிகேட் கோர்ஸ் என்று பட்டியல் நீள்கிறது. அதனால் இந்தத் தேர்வை நடத்தும் நிறுவனங்கள், மென்பொருள் வாங்கும் முன்பே சில விதிகளை எழுதி வைக்க வேண்டும். அவை என்ன? பார்க்கலாம்.

ரிமோட் புராக்டரிங்... அப்படின்னா என்ன?

தேர்வு அறையில் இன்விஜிலேட்டர் செய்யும் வேலையைத் தொலைவிலிருந்து செய்வதுதான் ரிமோட் புராக்டரிங். இதில் மூன்று வகை உண்டு.

முதல் வகையில், ஒருவர் எங்கோ உட்கார்ந்து மாணவரை நேரலையில் பார்ப்பார். இரண்டாவது வகையில், எல்லாம் வீடியோவாகப் பதிவாகும். பிறகு போட்டுப் பார்ப்பார்கள். மூன்றாவது வகையில், செயற்கை நுண்ணறிவு மென்பொருளே கண்காணிக்கும். மாணவர் திரையை விட்டுப் பார்வையைத் திருப்பினாலோ, அறையில் இன்னொரு குரல் கேட்டாலோ, முகம் தெரியாமல் போனாலோ அது 'ஃப்ளாக்' செய்யும். அதாவது, சந்தேகம் என்று குறித்து வைக்கும்.

சிக்கல் எங்கே?

ஃப்ளாக் என்பது சந்தேகம் மட்டுமே, தீர்ப்பு அல்ல. யோசிக்கும்போது கூரையைப் பார்ப்பவர்கள் உண்டு. கேள்வியை வாய்விட்டுப் படிப்பவர்கள் உண்டு. ஒரே அறை உள்ள வீட்டில் தம்பி குறுக்கே நடக்கத்தான் செய்வான். கேமராவுக்கு எல்லாமே ஒன்றுதான்.

அமெரிக்காவின் புராக்டர்யூ நிறுவனம், செயற்கை நுண்ணறிவு மட்டுமே கண்காணிக்கும் சேவையை இனி விற்கப் போவதில்லை என்று 2021 மே மாதம் அறிவித்தது. மென்பொருள் சந்தேகப்பட்ட தேர்வுகளில் சுமார் 11 சதவீதத்தை மட்டுமே கல்வி நிறுவனங்கள் மறுபடி பார்த்தன என்று அந்த நிறுவனமே சொன்னது. மீதியை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இதற்காகத்தான் விதிமுறை வேண்டும். அதில் இருக்க வேண்டிய முக்கியமான 5 விஷயங்கள் இதோ.

1. முடிவெடுப்பது மனிதர்தான்

ஃப்ளாக் ஆன வீடியோவைப் பாட ஆசிரியரோ தேர்வுக் குழுவோ பார்க்காமல் யாருடைய மதிப்பெண்ணிலும் கை வைக்கக் கூடாது. யார் பார்ப்பது, எத்தனை நாளுக்குள் பார்ப்பது, எதெல்லாம் முறைகேடு என்பதைத் தேர்வுக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும்.

2. அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லலாமா?

தேர்வு தொடங்கும் முன் கேமராவைத் திருப்பி அறை முழுவதையும் காட்டச் சொல்வது வழக்கம். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். அந்த ஸ்கேன் ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனாலும், அது அரசமைப்புச் சட்டம் தடுக்கும் நியாயமற்ற சோதனை என்று 2022 ஆகஸ்டில் ஒஹையோ ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டின் படுக்கையறை, தேர்வு அறை ஆகிவிடாது என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பாடம். இந்தியாவிலும் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

3. வீடியோ யாரிடம், எத்தனை நாள்?

மாணவரின் முகம், குரல், அடையாள அட்டை, வீடு எல்லாமே பதிவாகின்றன. இத்தாலியின் போக்கோனி பல்கலைக்கழகத்துக்கு 2021-ல் 2 லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. மாணவர்களுக்குச் சரியாக விவரம் சொல்லாததும், முக அடையாளத் தரவைக் கையாண்ட விதமும் காரணங்களில் அடக்கம்.

இந்தியாவில் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் பெறும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். இன்னொன்று, 18 வயது முடியாதவர் இந்தச் சட்டப்படி குழந்தை. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் இருந்தாலும், 17 வயதில் கல்லூரியில் சேருபவர்களை விதிமுறை தனியாகக் கவனிக்க வேண்டும்.

4. கரண்ட் போனால் என்ன?

பாதித் தேர்வில் நெட் கட் ஆனால் மீண்டும் நுழைய எத்தனை நிமிடம்? கூடுதல் நேரம் உண்டா? யாருக்கு போன் செய்வது? மடிக்கணினி இல்லாதவர்கள் கல்லூரி லேபில் எழுதலாமா? பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், உடல் அசைவைக் கட்டுப்படுத்த முடியாதவர்களுக்கு என்ன மாற்று? இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஒருவரின் அரியர் இதில்தான் முடிவாகிறது. உண்மையான தேர்வுக்கு முன் ஒரு மாதிரித் தேர்வு நடத்தினால் பாதிச் சிக்கல் அன்றே தெரிந்துவிடும்.

5. புகார் சொன்னால் கேட்க வேண்டும்

நெதர்லாந்தின் விரிஜே பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவி ஒருவர், மென்பொருள் தன் முகத்தை அடையாளம் காணத் திணறியதாக 2022-ல் அந்நாட்டு மனித உரிமை நிறுவனத்தில் புகார் செய்தார். மென்பொருள் பாகுபாடு காட்டியதாக நிரூபணம் ஆகவில்லை என்று 2023 அக்டோபரில் முடிவு வந்தது. ஆனால், அவருடைய புகாரைப் பல்கலைக்கழகம் இன்னும் கவனமாகக் கையாண்டிருக்க வேண்டும் என்றும் அந்த நிறுவனம் சொன்னது.

ஆக, குற்றம்சாட்டப்பட்ட மாணவருக்குத் தன் வீடியோவைப் பார்க்கவும், விளக்கம் சொல்லவும், முதலில் முடிவெடுத்தவர் அல்லாத வேறொருவரிடம் மேல்முறையீடு செய்யவும் உரிமை வேண்டும். அது முடியும்வரை 'முறைகேடு' என்று முத்திரை குத்தக் கூடாது.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

ஹால் டிக்கெட் வாங்கும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் வீடியோவை யார் பார்ப்பார்கள்? எப்போது அழிப்பீர்கள்? ஃப்ளாக் ஆனால் யாரிடம் முறையிடுவது? பதில் எழுத்தில் இருந்தால் விதிமுறை தயார் என்று அர்த்தம். 'அதெல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கும்' என்று பதில் வந்தால், அந்த நிறுவனம் இன்னும் தேர்வு நடத்தத் தயாராகவில்லை.