பதினோரு கருமுட்டைகள்

தள்ளிப்போகும் தாய்மை – 6

சினைப்பையில் கருமுட்டைகள் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்று தோராயமாகச் சொல்லும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் சோதனை எண்ணிக்கையைத்தான் காட்டும், தரத்தைக் காட்டாது என்று முடித்திருந்தேன். அந்த வேறுபாடு ஒரு பெண்ணின் வாழ்க்கையில் என்ன செய்தது என்பதை இந்த வாரம் சொல்கிறேன்.

பிரிஜிட் ஆடம்ஸ் அமெரிக்கர். தொழில்நுட்ப நிறுவனங்களில் மார்க்கெட்டிங் வேலை பார்த்தவர். 39 வயதில் தன் கருமுட்டைகள் 11ஐ எடுத்து உறைய வைத்துக்கொண்டார். செலவு 19,000 டாலர். இன்னும் சில வருடம் வேலை, மனதுக்குப் பிடித்த ஒருவருடன் திருமணம், பிறகு வீடு நிறையக் குழந்தைகள் என்பது அவருடைய திட்டம். இதை அவர் மூடி மறைக்கவில்லை. மற்ற பெண்களும் விவரம் தெரிந்துகொள்ளட்டும் என்று ஓர் இணையதளமே தொடங்கினார். 2014இல் ‘புளூம்பெர்க் பிசினஸ்வீக்’ இதழ் அவர் படத்தை அட்டையில் போட்டது. கருமுட்டையை உறைய வைத்தால் வேலையில் கவலையின்றி முன்னேறலாம் என்பது அந்த அட்டை சொன்ன சேதி. ஃபேஸ்புக்கும் ஆப்பிளும் ஊழியர்களுக்கு இந்தச் சிகிச்சைக்காக 20,000 டாலர் வரை தருவதாகச் செய்தி வந்ததும் அதே ஆண்டில்தான்.

உடல் படும் பாட்டை எந்த அட்டைப்படமும் சொல்வதில்லை. இயல்பாக ஒரு மாதத்தில் ஒரு கருமுட்டைதான் முதிர்ந்து வெளிவரும். ஒரே சுற்றில் பத்துப் பன்னிரண்டாவது கிடைக்க வேண்டும் என்பதற்காக, மாதவிலக்கு தொடங்கிய ஓரிரு நாளில் ஹார்மோன் ஊசி ஆரம்பிப்பார்கள். பத்துப் பன்னிரண்டு நாள், தினமும். பெரும்பாலும் அந்தப் பெண்ணே வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். நடுநடுவே ஸ்கேன். வயிறு உப்பும், மார்பு வலிக்கும், காரணமில்லாமல் அழுகை வரும். கடைசி ஊசியை மருத்துவர் சொன்ன மணிக்குத்தான் போட வேண்டும். இரவு 11 என்றால் 11. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் கருமுட்டைகளை எடுத்தாக வேண்டும். தாமதித்தால் அவை தாமாகவே வெளியேறிவிடும். மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே, பிறப்புறுப்பின் வழியாக ஊசியைச் செலுத்திச் சினைப்பையிலிருந்து உறிஞ்சி எடுப்பார்கள். அரை மணிக்குள் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்குத் திரும்பலாம். சிலருக்கு மட்டும் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, வயிற்றில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, மருத்துவமனையில் சேர வேண்டி வரும். இப்போதைய மருந்து முறைகளில் அந்த ஆபத்து குறைந்திருக்கிறது. அடியோடு போய்விடவில்லை.

நம் வீடுகளில் இன்னொரு பாடும் சேர்ந்துகொள்கிறது. கல்யாணமாகாத பெண் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போனாலே ‘எதுக்கு?’ என்று கேட்கும் வீட்டில், ஃப்ரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ஊசி மருந்தை மறைத்து வைக்க வேண்டியிருக்கிறது. அம்மாவிடமாவது, ஒரு தோழியிடமாவது சொல்லிவிடுங்கள். மயக்கம் தெளியும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

மனித உடலின் மிகப் பெரிய செல் கருமுட்டை. அதில் பெரும்பகுதி தண்ணீர். மெதுவாகக் குளிர்வித்தால் அந்தத் தண்ணீர் பனிப் படிகமாகி உள்ளிருப்பதைச் சிதைத்துவிடும். 1986இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டாக்டர் கிறிஸ்டோபர் சென், உறைய வைத்த கருமுட்டையிலிருந்து கர்ப்பம் உண்டானதை முதன்முதலாக அறிவித்தார். ஆனாலும் அதன் பிறகு பல ஆண்டுகள் இது அபூர்வமாகவே பலித்தது. பின்னால் வந்த ‘விட்ரிஃபிகேஷன்’ முறைதான் நிலைமையை மாற்றியது. தண்ணீரை முடிந்தவரை வெளியேற்றி, பாதுகாப்புத் திரவத்தில் ஊற வைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சட்டென்று அமிழ்த்துவார்கள். படிகம் உருவாக நேரமில்லாமல் கருமுட்டை கண்ணாடி போல இறுகிவிடும். 2012 அக்டோபரில் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இந்தச் சிகிச்சையை ‘சோதனை முறை’ என்ற வகையிலிருந்து நீக்கியது. வியாபாரம் சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

2017 தொடக்கத்தில் ஆடம்ஸுக்கு 45 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்பார்த்த துணை அமையவில்லை. விந்து தானம் பெற்று, அந்த 11 கருமுட்டைகளையும் பயன்படுத்த முடிவு செய்தார். உறைநிலையிலிருந்து மீட்டபோது 2 பிழைக்கவில்லை. 3 கருத்தரிக்கவில்லை. மிச்சம் 6 கருக்கள். அவற்றில் 5 இயல்பாக இல்லை என்று தெரிந்தது. எஞ்சிய ஒன்றைக் கருப்பையில் வைத்தார்கள். மார்ச் மாதம் ஒரு காலையில், அதுவும் தங்கவில்லை என்ற செய்தி வந்தது.

அந்தக் காலையில் தான் உடைந்துபோனதையும் ஆடம்ஸ் மறைக்கவில்லை. 2018 ஜனவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழில் அது வெளிவந்தது. அட்டைப்படத்தில் சிரித்த அதே பெண் முன்வந்து இதையும் சொன்னதைப் பெரிய துணிச்சலாக மதிக்கிறேன். அந்த ஆண்டே, தானமாகப் பெற்ற கருவைச் சுமந்து ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் அல்ல. பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து இருபது லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது. பிறகு புதிதாக எதுவும் உருவாவதில்லை. 39 வயதுப் பெண்ணின் கருமுட்டைக்கும் 39 வயதுதான். வயது ஏற ஏற, குரோமோசோம் கோளாறுள்ள கருமுட்டைகளின் பங்கு கூடிக்கொண்டே போகும். 35க்குப் பிறகு வேகமாகக் கூடும். உறைய வைத்த நாளிலிருந்து கருமுட்டைக்கு வயது ஏறாது. அதற்கு முன்பே ஏறிய வயதை எந்தக் குளிரும் இறக்காது.

நியூயார்க்கின் என்.ஒய்.யு. லாங்கோன் மையம் தன் 15 ஆண்டு அனுபவத்தை 2022இல் வெளியிட்டது. உறைய வைத்த கருமுட்டைகளைத் திரும்பி வந்து பயன்படுத்தியவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் குழந்தை பிறந்திருந்தது. 38 வயதுக்குள் உறைய வைத்து, 20 அல்லது அதற்கு மேற்பட்ட கருமுட்டைகளைப் பயன்படுத்தியவர்களிடம் அது 70 சதவீதம். 1997இல் உலக அழகிப் பட்டம் வென்ற டயானா ஹேடன், 2007–08இல் மும்பையில் 16 கருமுட்டைகளை உறைய வைத்தார். 2016 ஜனவரியில், 42 வயதில், மகளைப் பெற்றார். உறைய வைத்தபோது அவருக்கு 34 வயது. ஆடம்ஸை விட 5 வயது குறைவு, கருமுட்டைகள் 5 அதிகம். அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்றாலும், இந்த இரண்டு கணக்கும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

‘வேலை வேலை என்று அலைந்தால் இப்படித்தான்’ என்று இந்தப் பெண்களை ஏசுகிறவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. யேல் பல்கலைக்கழக மானுடவியலாளர் மார்சியா இன்ஹார்ன், கருமுட்டையை உறைய வைத்த 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் பேசி எழுதிய நூல் 2023இல் வெளிவந்தது. பதவி உயர்வுக்காகத் தள்ளிப்போட்டவர்கள் அதில் குறைவு. பெரும்பாலோர், குடும்பப் பொறுப்பை ஏற்கத் தயாரான ஒரு துணை கிடைக்காதவர்கள். ஜாதகம் சேரவில்லை, நகை பேச்சில் முறிந்தது, தம்பி படிப்பு இவள் சம்பளத்தில் ஓடுகிறது என்று வீடே தள்ளிப்போட்ட கல்யாணங்கள் நம் ஊரிலும் எத்தனை!

யோசிக்கவே தேவையில்லாத ஓர் இடமும் உண்டு. புற்றுநோய்க்கான கீமோதெரபி சினைப்பையைப் பாதிக்கக்கூடும். இளம்பெண்ணுக்கு அந்தச் சிகிச்சை தொடங்குமுன், கருமுட்டையைக் காப்பாற்ற அவகாசம் இருக்கிறதா என்று குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் விட்டால் அந்த வாய்ப்பு திரும்பாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டம், 21 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் இருக்கும் பெண் தனியாக இருந்தாலும் இந்தச் சிகிச்சையைப் பெற அனுமதிக்கிறது. ஆனால் அதே ஆண்டின் வாடகைத் தாய்ச் சட்டம் தனித்து வாழும் பெண்களில் 35 முதல் 45 வயது வரையுள்ள விதவைக்கும் மணமுறிவு பெற்றவருக்கும் மட்டுமே இடம் தருகிறது. கல்யாணமாகாத பெண் தன் கருமுட்டையை உறைய வைக்கலாம். அதை வாடகைத் தாயிடம் கொடுக்க முடியாது.

எந்த மையத்துக்குப் போனாலும் முதல் ஊசிக்கு முன்பு இதைக் கேளுங்கள்: ‘என் வயதில் இங்கே உறைய வைத்து, திரும்பி வந்து பயன்படுத்தியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது?’ எத்தனை கருமுட்டை எடுத்தோம் என்ற எண்ணைச் சொல்லி நிறுத்தினால் ஏற்காதீர்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

(தொடரும்)