சுவர் மட்டும் போதுமா?

வட தாய்லாந்தின் மலைச் சிற்றூர்கள் பலவற்றில் உயர்நிலைப் பள்ளி இல்லை. ஆதலின் மோங் இனப் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து, அடிவாரத்து விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். அத்தகைய விடுதியொன்றுக்குச் சுவர் எழுப்பத் தொண்டர்களாய்ச் சென்றோம். நாங்கள் கோணலாய் அடுக்கிய கற்களை மாலையில் மோங் கொத்தனார் பிரித்து, மீண்டும் கட்டினார். வெட்கினோம்.

இரவில் ஒரு சிறுமி, தாய்மொழியில் தான் எழுதிய கடிதத்தைக் காட்டினாள். பள்ளியிலோ எல்லாம் தாய் மொழி. இவளுக்கு மோங் எழுத்தைக் கற்பித்தவர் விடுதிக் காப்பாளர். 1950-களின் தொடக்கத்தில் லாவோஸில் அம்மொழிக்கு உரோமை எழுத்துமுறை வகுத்த மூவருள் கத்தோலிக்கக் குரு ஈவ் பெர்த்ரேயும் ஒருவர். அவரும் முதலில் அம்மக்களிடம் மாணவராய் அமர்ந்தவரே.

அன்பர்களே, கொடுக்கச் செல்வோர் கற்கவும் செல்வோமாக! பிள்ளைக்குக் கூரை தரும் இல்லம், அவள் அன்னையின் மொழியையும் காக்கட்டும்.