பித்தப்பைக் கல்லும் ரண சிகிச்சையும்

திருவடுகூர் என்று தேவாரம் போற்றும் திருவாண்டார்கோயிலிலும் சரி, சுற்றியுள்ள ஊர்களிலும் சரி, இராச் சாப்பாடு முடிந்து சில நாழிகை கழித்து மேல்வயிற்றின் வலப்புறத்தில் வலி எழுந்து, முதுகுக்கும் வலது தோளுக்கும் பரவி, வாந்தியோடு வாட்டிவிட்டுத் தானே தணியுமாயின், வீட்டார் அதனை 'கேஸ்' என்றே தீர்மானித்துச் சோடாவோ ஓமத்தண்ணீரோ கொடுத்து உறங்கச் செய்கிறார்கள். பித்தப்பையின் வாயிலில் சிக்கிய கல் விலகியதால் வலி தணிந்திருக்கலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு எழுவதில்லை. வலி மறுபடியும் வருகிறது.

கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டருக்கு மேல் சுரக்கும் பித்தநீரில் ஒரு பகுதியை வாங்கி, பாலைச் சுண்டக் காய்ச்சுவது போல நீரைக் குறைத்துச் சேமித்து, கொழுப்புள்ள ஆகாரம் குடலை அடைந்ததும் சுருங்கி வெளியிடுவதே, 30 முதல் 50 மில்லிலிட்டர் மாத்திரமே கொள்ளும் அச்சிறு பையின் தொழில். அந்நீரில் கொலஸ்டிராலோ, இரத்த அணுக்களின் சிதைவால் தோன்றும் நிறமியோ அளவு கடக்கும்போது கல் விளைகிறது. வடநாட்டில் கொலஸ்டிரால் கற்களும், நம் தென்னாட்டில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் மிகுதி. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு, இது அதிகம். பட்டினி கிடந்து விரைவாக உடல் இளைப்பவர்களையும் இது விடுவதில்லை.

வேறு காரியத்துக்காக ஸ்கேன் எடுக்கையில் தற்செயலாகத் தென்படும் கல், உபாதை ஏதும் தராதிருக்குமானால், பெரும்பாலோர் அதனோடே ஆயுளைக் கழித்துவிடலாம். வலி தரத் தொடங்கிய கல்லின் சங்கதி வேறு. சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு குடிக்கும் பழக்கத்தை இதற்கும் நீட்டிக் காலம் கடத்துவோரைக் காணும்போது மனம் வருந்துகிறது; அச்சாறு பித்தப்பைக்குள் சென்று கல்லைக் கரைப்பதில்லை.

கல்லை மட்டும் எடுத்துப் பையை விட்டுவைத்தால் அது மீண்டும் கல்லை விளைவிக்கும் என்றறிந்து, 1882-ஆம் ஆண்டு பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்னும் ரண வைத்தியர் பையையே முழுதும் அகற்றினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்பவரும், 1987-இல் பிரான்ஸின் லியோன் நகரில் பிலிப் மூரே என்பவரும் வயிற்றை நெடுகக் கீறாமல் சிறு துளைகளின் வழியே அதனைச் சாதித்தார்கள். 1990-இல் பம்பாயில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். மயக்க மருந்து கொடுத்து, கரியமில வாயுவால் வயிற்றை விரித்து, தொப்புளருகே சிறு காமிராவை நுழைத்து, பித்தப்பையின் குழாயையும் இரத்தக் குழாயையும் தனித்தனியே கண்டு கிளிப் இட்டுத் துண்டித்தபின் பை வெளியே வருகிறது. அருகிலுள்ள பொதுப் பித்தக் குழாய்க்குச் சேதம் நேராமல் காப்பதிலேதான் வைத்தியரின் கவனமெல்லாம் இருக்கிறது. அழற்சியினால் இடம் தெளிவாகத் தெரியாதபோது அவர் வயிற்றைத் திறந்து முடிப்பாரானால், அது விவேகமேயன்றித் தோல்வியன்று.

அவயவம் ஒன்றை இழந்தால் ஜீரணம் கெடுமோ என்ற அச்சம் இயல்பானதே. ஆயினும் பித்தநீரைச் சுரப்பது கல்லீரலாதலால், பை போனபின் அந்நீர் நேராகவே குடலுக்குப் பாய்கிறது. சிலருக்குச் சில காலம் வயிறு இளகலாம், பெரும்பாலோர் பழைய உணவுக்கே திரும்புகிறார்கள். ஆனால் பையை அகற்றுமுன்பே கல் நழுவிப் பொதுப் பித்தக் குழாயை அடைத்து, குளிர்காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் வலியோடு சேர்ந்து வருமானால், கீழாநெல்லி அரைத்துக் கொண்டிருக்க அவகாசமில்லை. பக்கத்து மதகடிப்பட்டின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கோரிமேட்டு ஜிப்மருக்கோ அன்றிரவே புறப்பட்டுவிட வேண்டும்.