அப்பா கட்டிய வீட்டுக்கு இன்னைக்கு என்ன மதிப்பு? வில்லங்கச் சான்றை வைத்தே கணக்கு போடலாம்... எப்படி?

அப்பா, அம்மா காலமான பிறகு வீட்டை அண்ணனே வைத்துக்கொள்கிறார். தங்கையின் பாதிப் பங்கைப் பணமாகக் கொடுத்துவிட்டு, விடுதலை ஆவணத்தில் கையெழுத்து வாங்குவதாகப் பேச்சு. எல்லாமே சுமுகம்தான்... ‘வீட்டு மதிப்பு எவ்வளவு?’ என்ற கேள்வி வரும் வரை. அண்ணன் அரசின் வழிகாட்டி மதிப்பைக் காட்டுகிறார். தங்கை, புரோக்கர் சொன்ன ரேட்டைச் சொல்கிறார். நடுவில் பல லட்சம் இடிக்கிறது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடக்கும் பஞ்சாயத்துதான் இது.

இதில் இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. புரோக்கர் சொல்வது விற்பவர் கேட்கும் விலை, கைமாறிய விலை அல்ல. வழிகாட்டி மதிப்போ, முத்திரைத் தீர்வை வசூலிக்கப் பதிவுத்துறை வைத்திருக்கும் அளவுகோல். அது சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்குவதில்லை. 2017 ஜூனில் மாநிலம் முழுக்க வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. அதற்காக ஒரே ராத்திரியில் யார் வீடும் மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிடவில்லை! 2023 ஏப்ரலில் பழைய அளவு திரும்ப வந்தது. அந்தச் சுற்றறிக்கையை சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்ய, 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன.

அப்போ எதை நம்புவது?

அதே தெருவில் சமீபத்தில் விற்ற வீடுகளை. அந்த விவரம் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே இருக்கிறது. நம்ம சொத்துக்கு ஈசி போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து சர்வே எண்களுக்கும் போட்டுப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் போதும். இணையத்தில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.

வரும் பட்டியலில் முதலில் ‘தன்மை’ என்ற இடத்தைப் பாருங்கள். கிரயம், அதாவது விற்பனை ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, பவர் எல்லாம் இந்தக் கணக்குக்கு உதவாது. எழுதிக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே குடும்பம் மாதிரி தெரிந்தால் அதையும் விட்டுவிடலாம். கடந்த ஒன்றிரண்டு வருட விற்பனையாக இருந்தால் நல்லது.

அடுத்து தொகை. ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என்று இரண்டு இருக்கும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த ‘சந்தை மதிப்பு’ பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பை வைத்துப் போட்டதுதான், பெயர் மட்டும்தான் சந்தை. கைமாற்றுத் தொகையும் முழுக் கதையைச் சொல்லாது. கட்டணத்தை மிச்சம் பிடிக்க, உண்மையான விலையை மறைத்து வழிகாட்டி மதிப்பு அளவுக்கே பத்திரம் எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் அந்தத் தொகையை விலையின் அடிமட்டம் என்று எடுத்துக்கொள்ளலாம். உச்சம் எதுவென்று அது சொல்லாது.

உச்சத்துக்கு வேறு ஒரு துப்பு இருக்கிறது. கிரயப் பதிவுக்கு அடுத்தபடியாக, அதே தேதியிலோ சில நாட்களிலோ, வங்கியில் உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததாக ஒரு பதிவு வந்திருக்கும். அதில் கடன் தொகை இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டுக்கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் கடனாகத் தரலாம். பத்திரத்தில் 40 லட்சம் என்று எழுதியிருந்து, கடன் மட்டும் 48 லட்சம் என்றால்? அந்தச் சொத்தை வங்கி குறைந்தது 60 லட்சத்துக்கு மதிப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். கட்டுமானக் கடனும் அதிலேயே சேர்ந்திருக்கலாம் என்பதால், இப்படி ஒரே ஒரு பதிவை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மூன்று நான்கு பதிவுகள் ஒரே திசையைக் காட்டினால் நம்பலாம்.

அடுக்குமாடி வீடு என்றால் கூடுதல் கவனம்!

2023 டிசம்பருக்கு முன்பு புது ஃபிளாட் வாங்கியவர்களில் பெரும்பாலானோர், பிரிக்கப்படாத மனைப் பங்குக்குத்தான் கிரயப் பத்திரம் பதிந்தார்கள். கட்டுமான ஒப்பந்தம் தனி. எனவே ஈசியில் 18 லட்சம் என்று இருந்தால் அது நிலப்பங்கின் தொகையாக இருக்கலாம். ‘ஃபிளாட்டே 18 லட்சம்தானாம்’ என்று கிளம்பிவிட வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் நிலம், கட்டடம் இரண்டையும் சேர்த்து ஒரே மதிப்பில் பதியும் முறை வந்துவிட்டது. மறுவிற்பனை ஃபிளாட்டுகளின் பதிவு கிடைத்தால் இன்னும் வசதி.

கணக்கு எப்படிப் போடுவது?

தனி வீட்டுக்கு நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்துவிட வேண்டும். ஓர் உதாரணம். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. அதில் 20 வருடத்துக்கு முன்பு கட்டிய 1,000 சதுர அடி வீடு. பக்கத்து விற்பனைகளிலிருந்து நிலம் சதுர அடி 5,000 ரூபாய் என்று தெரிகிறது. நிலம் மட்டும் 60 லட்சம். அதே வீட்டை இன்று கட்ட சதுர அடிக்கு 2,400 ரூபாய் ஆகும் என்றால் 24 லட்சம். கட்டடத்தின் ஆயுள் 60 வருடம் என்று வைத்தால், மூன்றில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டது. மிச்சம் 16 லட்சம். ஆக மொத்தம் 76 லட்சம், தங்கையின் பாதி 38 லட்சம். இதே நிலத்தை 3,000 ரூபாய் வழிகாட்டி மதிப்பில் போட்டால் அவர் கைக்கு வருவது 26 லட்சம்தான். வித்தியாசம் 12 லட்சம்!

பக்கத்தில் விற்பனையே இல்லையா? வீடு வாங்கிய பழைய விலையை, ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் வெளியிடும் வீட்டு விலைக் குறியீட்டை வைத்து உயர்த்திப் பார்க்கலாம். தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ் குறியீடும் உண்டு. ஆனால் இவை நகரம் முழுவதுக்குமான சராசரி. அடையாறுக்கும் திருவொற்றியூருக்கும் ஒரே எண்தான். சின்ன ஊர்களுக்கு அந்த வசதியும் கிடையாது.

வந்த தொகையில் சில கழித்தல் கூட்டல் இருக்கும். சாலை அகலம், மூலை மனை, மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும் தெரு, அங்கீகாரம் இல்லாத மனை எல்லாமே விலையை மாற்றும். பட்டாவில் உள்ள பரப்பளவும் பத்திரத்தில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். பட்டாவில் 50 சதுர அடி குறைந்தால்கூட, மேலே சொன்ன ரேட்டில் இரண்டரை லட்சம் போய்விடும்.

இந்தக் கணக்கு பேச்சுவார்த்தைக்குத்தான். வங்கிக்கோ நீதிமன்றத்துக்கோ பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை தேவைப்படும். குடும்பத்துக்குள் பங்கு பிரிக்கும்போது இரு தரப்பும் சேர்ந்து ஒரே மதிப்பீட்டாளரை வைத்து, கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். இதையெல்லாம் விடுதலை ஆவணம் பதிவாவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு ‘மதிப்பு குறைவாகச் சொல்லிவிட்டார்கள்’ என்று அதை ரத்து செய்ய வழக்குத்தான் போட வேண்டியிருக்கும்.