பந்தய சைக்கிளின் பிறந்த ஊர்

தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் பழைய வீட்டுப் புறக்கடைகளில் துருவேறிக் கிடக்கும் சைக்கிள்களுள், எப்போதாவது ஒன்று பந்தய வண்டியாக இருக்கக்கூடும். அப்படி ஒன்று அகப்பட்டால், உடனே உப்புத்தாளும் வர்ணமும் வாங்க ஓட வேண்டாம். அது பிறந்த ஊர் எதுவென்று முதலில் விசாரியுங்கள். சுரண்டிய பிறகு சாட்சி சொல்ல யாரும் இரார்.

முகப்பிலுள்ள பித்தளைச் சின்னத்தை மட்டும் நம்பலாகாது. அதைக் கழற்றி வேறொரு வண்டியில் பொருத்த அதிக நேரம் பிடிக்காது. இரும்பையே கேளுங்கள். பர்மிங்ஹாம் நகரத்து ரெயினால்ட்ஸ் கம்பெனி 1935-ல் '531' என்னும் குழாயை வெளியிட்டது. அதன் உயர்ந்த ரகம், முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருப்பதால் எடை குறைந்தது. சீட் கம்பியின் பருமன் 27.2 மில்லிமீட்டர் இருந்தால், இத்தகைய மெல்லிய பந்தயக் குழாய் என்று ஊகிக்கலாம்.

அடுத்த சாட்சி, பெடல் அச்சு ஓடும் குழலின் மரை. ஆங்கிலக் கம்பெனிகள் பெரும்பாலும் அங்குலத்துக்கு 24 மரை வெட்டின. நாட்டிங்ஹாம் ராலே தொழிற்சாலையோ நெடுங்காலம் 26 வெட்டியது. அக்குழலின் அடியிலோ, சீட்டுக்குக் கீழோ பொறித்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டர்மி-ஆர்ச்சர் சக்கரக் குடத்தில் ஆண்டு காணப்படுவதுண்டு. ஆனால் சக்கரம் பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம்.

அசல் வர்ணம் வெயில் படாத இடங்களில் ஒளிந்திருக்கும். சின்னத்தின் அடியிலும், பிடிப்புப் பட்டைகளின் அடியிலும் பாருங்கள். மெல்லிய துணியில் தையல் யந்திர எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்தால் போதும். தின்னர் பட்டால் பொன் எழுத்துக்கள் கரைந்து போகும்.

'ஹெர்குலிஸ்' என்ற பெயரைக் கண்டதும் சீமைச் சரக்கு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 1949-ல் நிறுவப்பட்ட நமது டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரில் அதே பெயரில் வண்டிகள் செய்தது. அம்பத்தூர் வண்டி என்று தெரிந்தால் சிலர் முகம் வாடுகிறது. வாடுவானேன்? விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் தேசத்தவர் சைக்கிள் பந்தயத்தில் இறங்கினர். ஓட்டியவர்களும் உழைத்தவர்களும் விட்டுச்சென்ற தடயங்கள் சொற்பம். அவற்றுள் ஒன்று உங்கள் புறக்கடையில் இருக்குமாயின், புது வர்ணத்தின் பளபளப்புக்காக அதை அழித்துவிடாதீர்கள்.